பெயரிலி என்ற சொல்

அலுவலகத்தில் அவளை ‘இலக்கணம்’ என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. பட்டப்பெயர் வைத்தவன் அவளுடைய கூட்டாளி. கல்லூரியில் இருவரும் ஒரே வகுப்பு. படித்து முடித்துப் பத்து வருடம் ஆளுக்கொரு திசையில் அலைந்துவிட்டு, ஒரு தையல்கடைக்கு மேலே இருந்த மாடி அறையை வாடகைக்குப் பிடித்தார்கள். கீழே தையல் மெஷின் சத்தம், மேலே இவர்கள் வாக்குவாதம். அப்படியே ஏழு வருடத்தில் ஒரு மொழியைச் செய்து முடித்திருந்தார்கள்.

அது பேசுகிற மொழி இல்லை. எந்த வகுப்புக்கு எந்த அறை, எந்த லாரியில் எந்தப் பெட்டி, எந்த ஆளுக்கு எந்த வேலை என்று மண்டையைப் பிய்த்துக்கொள்கிறவர்கள் தங்கள் சிக்கலைக் கணினிக்கு எழுதிக்கொடுக்கிற மொழி. இத்தனை பேர் இருக்கிறார்கள், இத்தனை வேலை இருக்கிறது, இது கட்டாயம், அது கூடவே கூடாது என்று எழுதினால் போதும். எப்படிப் பங்கிடுவது என்று எழுத வேண்டியதில்லை. அதைக் கூட்டாளியின் நிரல் தேடிக் கண்டுபிடிக்கும். “நீ லட்சணத்தை எழுதிக் குடு, தரகு வேலைய நான் பாத்துக்கறேன்” என்பான் அவன்.

அந்த மொழியில் அவளுக்குச் செல்லப்பிள்ளையாக ஒரு சொல் இருந்தது: பெயரிலி. ‘ஓட்டுநர்: பெயரிலி, பதினான்கு’ என்று எழுதினால், பதினான்கு பேரும் ஒருவருக்கொருவர் மாற்று, யாரை யார் இடத்தில் வைத்தாலும் ஒன்றுதான் என்று பொருள். கேட்கச் சின்ன விஷயமாகத்தான் தெரியும். ஆனால் பதினான்கு பேரை இடம் மாற்றி இடம் மாற்றி எட்டாயிரத்து எழுநூறு கோடி விதமாக நிறுத்தலாம். ஒரே பங்கீடு அத்தனை வேஷம் கட்டிக்கொண்டு வந்து நிற்கும். நிரல் பாவம், ஒவ்வொன்றையும் புதிது என்று நினைத்து ஆராய்ந்துகொண்டிருக்கும். பெயரிலி என்று சொல்லிவிட்டால் அந்தக் கூட்டத்தில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை ஒதுக்கிவிடும். எந்த ஒன்றை என்பதற்கும் ஒரு விதி வேண்டுமே; ஆளாளுக்கு விழுந்த வேலைகளின் எண்களை ஒப்பிட்டு, சிறியது மேலே, பெரியது கீழே என்று வரிசையாக நிற்கிற ஒன்றை. அவ்வளவுதான். அந்தச் சொல் இல்லாமல் நாற்பது நிமிடம் ஓடிய கணக்கு, அந்தச் சொல்லோடு ஆறு நொடியில் முடிந்தது. அன்று இருவரும் வேலையை நிறுத்திவிட்டுப் படத்துக்குப் போனார்கள்.

மொழியை முதலில் எடுத்துக்கொண்ட இடங்களில் ஒன்று நகரப் பேருந்து டெப்போ. அங்கே பதினான்கு டிரைவர்களுக்கு டூட்டி போடுகிறவர் டைம் கீப்பர். ஐம்பத்தாறு வயது, காதில் பென்சில், சட்டைப் பையில் ரப்பர். வாராவாரம் பெரிய தாளில் கட்டம் போட்டு, எழுதி, அழித்து, தாளே சல்லடையாகிவிடும். போர்டில் ஒட்டிய அன்று வசவு தொடங்கும். ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பு வைக்கிறவர் என்று அவரைப் பற்றிப் பேசாதவர் டெப்போவில் கிடையாது. கணினி என்றதும் ஒதுங்குவார் என்று நினைத்தாள். அவரோ நான்கே நாளில் மொழியைக் கற்றுக்கொண்டு, விதிகளைத் தானே எழுதினார். பெயரிலி என்ற இடத்துக்கு வந்ததும் பென்சிலைக் கீழே வைத்தார்.

“இதுக்கு என்னம்மா அர்த்தம்?”

“எல்லாரும் சமம்னு அர்த்தம் சார். ஆள் யாருன்னு மெஷின் பாக்காது.”

“இந்த ஒரு வார்த்தை இல்லாமத்தான் முப்பது வருஷமா வாங்கிக் கட்டிக்கிட்டேன்” என்றார் அவர். பிறகு ஒரு சின்ன உதவி கேட்டார். “விடை, வரிசை ஒண்ணு, வரிசை ரெண்டுன்னு வருது. பேரோட வந்தா அப்படியே போர்டுல ஒட்டிடுவேன்.”

அதற்கென்ன என்று அவள் அன்று மத்தியானமே உட்கார்ந்து நாற்பது வரி எழுதிக்கொடுத்தாள். விடையின் முதல் வரிசைக்கு டிரைவர் பட்டியலின் முதல் பெயர், இரண்டாவதற்கு இரண்டாவது பெயர். ஒரு மணி நேர வேலை. அடுத்த திங்கட்கிழமை போர்டின் முன்னால் சண்டை இல்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. டெப்போ மேனேஜர் பாராட்டிக் கடிதம் எழுதினார். இன்னும் மூன்று டெப்போக்கள் விசாரித்தன.

ஐந்து மாதம் கழித்து ஒரு காலையில் டைம் கீப்பர் போன் செய்தார். “ஒரு தடவை நேர்ல வந்துட்டுப் போங்கம்மா” என்றார். என்ன விஷயம் என்று கேட்டதற்கு, “வாங்க, சொல்றேன்” என்று வைத்துவிட்டார்.

அவர் அறை டெப்போ வாசலை ஒட்டி இருந்தது. ஜன்னல் கண்ணாடியில் டீசல் புகை படிந்து, வெளியே போகிற பஸ்ஸெல்லாம் மஞ்சளாகத் தெரிந்தன. மேஜைமேல் இருபத்திரண்டு தாள்களைப் பரப்பி வைத்திருந்தார். இருபத்திரண்டு வாரத்து டூட்டி.

“எல்லாத்துலயும் கடைசி வரியை மட்டும் படிங்க” என்றார்.

படித்தாள். மூன்றாவது தாளுக்குமேல் படிக்கத் தேவையே இருக்கவில்லை. என்றாலும் இருபத்திரண்டையும் படித்து முடித்தாள்.

டெப்போவில் யாருக்கும் பிடிக்காத டூட்டி ஒன்று உண்டு. காலை ஆறிலிருந்து பத்துவரை ஓட்ட வேண்டும், மறுபடி மாலை நான்கிலிருந்து எட்டுவரை. நடுவே ஆறு மணி நேரம் சும்மா. வீடு தூரமாக இருந்தால் போய்வர முடியாது. ‘ரெண்டு துண்டு’ என்று டிரைவர்கள் அதைச் சொல்வார்கள். பட்டியலில் கடைசியாக இருந்த பெண் டிரைவருக்குப் பத்தொன்பது வாரம் ஐந்து நாளும் ரெண்டு துண்டு. மீதி மூன்று வாரம் நான்கு நாள்.

“வேலைல சேந்த தேதி வரிசைல பட்டியல். அந்தப் பொண்ணு கடைசியாச் சேந்தது” என்றார் டைம் கீப்பர். “டூட்டிக்கு நம்பர் போட்டதும் நான்தான். நல்ல டூட்டி ஒண்ணு, ரெண்டுன்னு ஆரம்பிச்சு, மோசமானதைக் கடைசில வச்சேன். பழைய பழக்கம்.”

அவளுக்குப் புரிந்துவிட்டது. சிறியது மேலே, பெரியது கீழே. மோசமான டூட்டி எப்போதும் கடைசி வரிசைக்கு, கடைசிப் பெயருக்கு. திங்கட்கிழமை பெரிய எண்ணில் தொடங்கியவர், ஓய்வு நேர விதிகளின்படி அந்த வாரம் முழுக்கப் பெரிய எண்களிலேயே சுற்ற வேண்டியிருக்கும். டைம் கீப்பர் நல்ல மனதோடு எண் போட்டார், நிரல் ஒழுங்காக வரிசைப்படுத்தியது, இவள் உதவியாகப் பெயர் ஒட்டினாள். மூன்றும் சேர்ந்து ஒருத்தி தலையில் விடிந்தது.

“எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?”

“நான் எங்க கண்டுபிடிச்சேன்? போன செவ்வாக்கிழமை சாயந்தரம், கடைசி ஸ்டாப்புல வண்டிய எடுக்கும்போது அந்தப் பொண்ணு ஒரு நொடி கண்ணசந்துடுச்சு. வண்டி உருண்டு போய் நிழற்குடைக் கம்பில முட்டிக்கிச்சு. ரெண்டு கம்பி வளைஞ்சுது. ஆளுக்கு ஒண்ணுமில்ல. மேனேஜர் மெமோ குடுத்துட்டார். ‘கவனக்குறைவு.’ பதிலுக்கு ‘அசதி’ன்னு ஒரே வார்த்தை எழுதிக் குடுத்திருக்கு. அசதி ஏன்னு பாக்கத்தான் தாளை எடுத்தேன்.” அவர் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். “நான் பென்சில்ல போட்டிருந்தா மூணாவது வாரமே என் சட்டையப் பிடிச்சிருப்பாங்கம்மா. மெஷின் போட்டதுன்னு யாரும் கேக்கல. நானும் பாக்கல.”

அந்தப் பெண் டிரைவர் ஓய்வறையில் இருந்தாள். பத்து மணிக்கு ஒரு துண்டு முடிந்து, நான்கு மணித் துண்டுக்காகக் காத்திருந்தாள். இரும்பு அலமாரிகள், நீள பெஞ்ச், மூடினாலும் ஒழுகுகிற குழாய். பெஞ்சின் மறுகோடியில் டெப்போவிலேயே மூத்த டிரைவர் டூட்டி முடித்துவிட்டு ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

இலக்கணம் தான் யார் என்று சொன்னாள். அந்தப் பெண் நகர்ந்து இடம் கொடுத்தாள். முப்பது வயதிருக்கும். கண்ணுக்குக் கீழே கரி பூசியது போல இருந்தது.

“இத்தனை வாரமா நீங்க ஏன் ஒண்ணும் கேக்கல?”

“யார்கிட்ட மேடம் கேக்கறது? டைம் கீப்பர் ஐயா போட்டிருந்தா சண்டைக்குப் போயிருப்பேன். மனுஷனுக்கு வேண்டியவன், வேண்டாதவன்னு இருக்கும். மெஷினுக்கு என்ன இருக்கு? எல்லாரும் அதுக்குச் சமம்னு சொன்னாங்க. சரி, சமம்னா இப்படித்தான் இருக்கும்போலன்னு விட்டுட்டேன்.”

அந்தப் பெண் எழுந்து போய், ஒழுகுகிற குழாயை இன்னொரு முறை இறுக்கி மூடிவிட்டு வந்தாள்.

“முதல்ல, நம்ம நேரம்னு நினைச்சேன். அப்புறம், புதுசா வந்தவளுக்கு இதுதான் விதின்னு யாராவது எழுதி வச்சிருப்பாங்கன்னு நினைச்சேன். என் பையன் காலைல எந்திரிக்கும்போதும் நான் இல்ல, தூங்கும்போதும் இல்ல. வீட்டுக்காரர் பாத்துக்கறார். ஆனா அவரும் மனுஷன்தானே.” கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள். “போன வாரமும் நான்தான் செஞ்சேன்னு அதுக்குத் தெரியாதா?”

“தெரியாது. ஒவ்வொரு திங்கக்கிழமையும் அது புதுசாப் பொறக்கும்.”

“குடுத்து வச்ச ஜென்மம்” என்றாள் அவள்.

மூத்த டிரைவர் ஷூவைக் கையில் வைத்தபடியே பேசினார். “பட்டியல்ல முதல் பேரு என்னோடது. இருபத்திரண்டு வாரமா எனக்கு ஒண்ணாம் நம்பர்தான். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுல இருந்துடுவேன். நமக்கு நல்லது நடக்கும்போது யாரும்மா ஏன்னு கேக்கறாங்க?” சொல்லிவிட்டு அந்தப் பெண்ணைப் பார்க்காமல் எழுந்து போனார்.

மேனேஜர் இலக்கணத்தைப் போக விடாமல் பிடித்துக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் வியாழக்கிழமை விசாரணை. “உங்க சிஸ்டத்துல பாரபட்சம் எதுவும் இல்லன்னு ஒரு கடிதம் குடுத்துட்டீங்கன்னா எனக்கு வேலை முடிஞ்சுடும்” என்றார். பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

கூட்டாளி முழுக்கதையையும் கேட்டுவிட்டு, விடைத்தாள்களை வாங்கி ஒவ்வொன்றாகச் சரிபார்த்தான். அது அவன் குணம். “ஒரு விதி மீறல. எழுதினபடிதான் விடை வந்திருக்கு. எல்லாரும் ஒண்ணுன்னு டைம் கீப்பர்தான் எழுதினார். இதுல நம்ம தப்பு எங்க இருக்கு?”

“பேர் ஒட்டற நாப்பது வரில.”

“அது மொழி இல்லையே.”

“எழுதினது நான்தானே.”

“பாரபட்சம் இல்லன்னு எழுதிக் குடு. அது உண்மைதான். மூணு டெப்போ கையெழுத்துப் போட நிக்குது இலக்கணம். ஏழு வருஷம்.” அவன் கெஞ்சுகிறவன் இல்லை. அன்று அவன் குரல் கெஞ்சுவது போலத்தான் இருந்தது.

அவள் கணவர் மருந்துக்கடை வைத்திருந்தார். கடையை அடைத்துவிட்டு வந்து, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவள் முகத்தைப் பார்த்துவிட்டார். “என்ன, கப்பல் கவுந்துடுச்சா?” என்றார். வெங்காயம் நறுக்கிக்கொண்டே அவள் சொன்னாள். இதுமாதிரி விஷயங்களில் அவர் சுலபமாக அபிப்பிராயம் சொல்லமாட்டார். தோலெல்லாம் அள்ளிக் கூடையில் போட்டுவிட்டுத்தான் பேசினார்.

“சீட்டுல எழுதினதைக் குடுத்தேன்னு எங்க தொழில்ல தப்பிக்க முடியாது. பத்து மில்லின்னு எழுத வேண்டிய இடத்துல டாக்டர் நூறுன்னு எழுதிட்டார்னு வை. கை ஓடுமா? போனைப் போட்டு, இது யாருக்கு, எத்தனை வயசு, நிஜமா நூறுதானான்னு கேக்கணும். சீட்டு சரியாத்தான் இருக்கு, ஆள் செத்துட்டான்னா யார் ஒத்துக்குவா?”

“சீட்டு எழுதற மொழியே என்னோடதுங்க.”

“அப்போ உனக்கு இன்னும் ஒரு படி மேலேயே இருக்கு பொறுப்பு” என்றார் அவர், ஆறுதலாக ஒரு வார்த்தையும் சேர்க்காமல்.

கடிதத்தை நான்கு முறை எழுதினாள். முதல் மூன்றிலும் ‘எதிர்பாராத விதமாக’ என்ற சொல் இருந்தது. நான்காவதில் அதை எடுத்துவிட்டாள். எதிர்பார்த்திருக்கலாம் என்பதுதான் உண்மை. ஒரு வாரத்து டூட்டியைத் தாண்டி அடுத்தடுத்த வாரங்களையும் யோசித்துப் பார்த்திருந்தால் போதும்.

விசாரணை மேனேஜர் அறையில் நடந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் மேனேஜரும் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரியும். இந்தப் பக்கம் பெண் டிரைவர், டைம் கீப்பர், இலக்கணம். அதிகாரி கடிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“அப்போ மெஷின் தப்புப் பண்ணிச்சுன்னு சொல்றீங்களா?”

“இல்ல சார். ‘யாரா இருந்தாலும் ஒண்ணு’ன்னு நாங்க அதுகிட்டச் சொன்னோம். யாரா இருந்தாலும் ஒண்ணுன்னா, எப்பவும் ஒரே ஆளா இருந்தாலும் ஒண்ணுதானே. அது அப்படி எடுத்துக்கிச்சு. டைம் கீப்பர் சார் நினைச்சது வேற. எல்லார்கிட்டயும் ஒரே மாதிரி நடந்துக்கணும்னு நினைச்சார். ரெண்டுக்கும் என் மொழில ஒரே வார்த்தைதான் இருந்துச்சு. அது என் குறை.”

“இதை எழுத்துல குடுத்திருக்கீங்க.”

“ஆமா சார்.”

டைம் கீப்பர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தாளை ஒட்டியது தன் கை என்றும் அதையும் எழுதிக்கொள்ளும்படியும் சொன்னார். அதிகாரி எழுதிக்கொண்டார்.

மெமோவை முழுதாக எடுத்துவிடவில்லை. அசதியாக இருந்தால் வண்டி எடுக்கும் முன் சொல்லியிருக்க வேண்டும் என்று ஓர் எச்சரிக்கையாகக் குறைத்தார்கள். சம்பள உயர்வு தள்ளிப்போகாது என்றதும் அந்தப் பெண் தலையாட்டினாள். வெளியே வந்து, “வந்ததுக்கு நன்றி மேடம்” என்றாள். கோபம் தீர்ந்த முகமாக அது இல்லை. இலக்கணமும் அதை எதிர்பார்க்கவில்லை.

கையெழுத்துப் போட நின்றுகொண்டிருந்த மூன்று டெப்போக்களில் இரண்டு விலகிக்கொண்டன. கூட்டாளி பதினோரு நாள் அவளோடு பேசவில்லை. ஏதாவது கேட்க வேண்டுமென்றால் துண்டுச்சீட்டில் எழுதி அவள் மேஜையில் வைத்தான். அவளும் சீட்டிலேயே பதில் எழுதினாள். எட்டாவது நாள் வந்த சீட்டில், ‘அந்த நாற்பது வரியை எடுத்துவிட்டாயா?’ என்று இருந்தது. ‘எடுத்துவிட்டேன். இனிமேல் பெயரிலி என்று எழுதினால் விடையிலும் பெயர் வராது. யாராவது ஒட்டப் பார்த்தால் மொழி மறுக்கும்’ என்று எழுதி வைத்தாள். பதினோராம் நாள் அவன் நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தான். “மறுக்கிற இடத்துல என்ன வாசகம் போட்டிருக்க? காட்டு. உன் வாசகமெல்லாம் வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கும்” என்றான். அத்தோடு அது முடிந்தது.

புதிய விடைத்தாள் போன அன்றே டைம் கீப்பரிடமிருந்து போன். “பதினாலு வரிசை வந்திருக்கு, பேரே இல்ல. இதை வச்சு நான் என்னம்மா பண்றது?”

“எந்த வரிசை யாருக்குன்னு அந்தப் பதினாலு பேரும்தான் சார் முடிவு பண்ணணும்.”

“மறுபடியும் சண்டையா?”

“ஆமா சார்.”

சனிக்கிழமை மத்தியானம் ஓய்வறையில் கூடினார்கள். இலக்கணம் ஓரமாக உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டாள். சீட்டுக் குலுக்கிப் போடலாம் என்றார் ஒருவர். இருக்கிற அதிர்ஷ்டத்துக்கு அது வேறா என்றார் இன்னொருவர். வாரம் ஒருத்தராகச் சுற்றிவரட்டும் என்ற யோசனைக்கு நிறையத் தலைகள் ஆடின. அப்போது பின்பக்கம் நின்ற ஒரு டிரைவர், இதுவரை வாயே திறக்காதவர், “ரெண்டு துண்டை எனக்குக் குடுத்துடுங்க” என்றார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“எங்கப்பாவுக்கு வாரத்துல மூணு நாள் பகல்ல டயாலிசிஸ். பன்னண்டுக்குக் கொண்டுபோய் உக்கார வைக்கணும். இப்போ லீவு போட்டுட்டுப் போறேன்.”

“இதை ஏன்யா இத்தனை நாளாச் சொல்லல?” என்றார் டைம் கீப்பர்.

“யாரும் கேக்கலையே.”

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. ஒருவருக்கு ஞாயிறு வேலை பிடிக்கும், வீட்டில் கூட்டம் ஆகாது. ஒருவர் அதிகாலை வண்டி வேண்டாம் என்றார், சர்க்கரை மாத்திரை ஒத்துவரவில்லை. பெண் டிரைவர் எழுந்து, வாரத்தில் இரண்டு நாள் பையன் பள்ளிக்கூடம் விடும்போது வாசலில் நிற்க வேண்டும், மீதி நாள் எது போட்டாலும் சரி, ரெண்டு துண்டு உட்பட என்றாள். அந்தக் கடைசி வார்த்தைகளை அழுத்திச் சொன்னாள். மூன்று மணிக்குள் நோட்டில் ஒன்பது பக்கம் நிரம்பிவிட்டது. ஐந்து மாதமாக ஒன்றுக்கொன்று மாற்று என்று சந்தோஷமாக எழுதி வந்த பதினான்கில், ஒன்றுகூட இன்னொன்றுக்கு மாற்று இல்லை.

திரும்பும் வழியில் அதைவிடப் பெரிய குறை ஒன்று அவளுக்கு உறைத்தது. சுற்றிவரட்டும் என்று அவர்கள் சுலபமாகச் சொல்லிவிட்டார்கள். அதை அவள் மொழியில் எழுத வழியே இல்லை. வேண்டும், கூடாது, எல்லா, ஏதேனும் ஒன்று என்றெல்லாம் சொல்லலாம். ‘போன வாரம் யார்’ என்று கேட்க முடியாது. இலக்கணம் என்று பெயர் வாங்கியவள், இறந்தகாலம் இல்லாத மொழியைச் செய்து வைத்திருந்தாள்.

அதைச் சேர்க்க மூன்று மாதம் பிடித்தது; அதுவரை டைம் கீப்பர் பெயர்களைப் பென்சிலால் போட்டார். ‘முன்பு’ என்று ஒரு சொல். எத்தனை வாரம் முன்பு, யார், எத்தனை முறை என்று கேட்கலாம். டெப்போவின் பதினான்கு பேரையும் விதிகளில் பெயர் சொல்லி எழுதினார்கள். ஆறு நொடி மறுபடி நாற்பது நிமிடமாயிற்று. கூட்டாளிக்கு மனசே ஆறவில்லை. “வாரத்துக்கு ஒரு தடவைதானே ஓடப்போகுது. ஓடட்டும்” என்றாள். அவன் முனகிக்கொண்டே போய், தேடலை எங்கே சுருக்கலாம் என்று பார்க்க ஆரம்பித்தான். பெயரிலியை அவள் எடுத்துவிடவில்லை. லாரியில் ஏற்றுகிற பெட்டிகளுக்கு அது நன்றாகவே வேலை செய்தது.

புதிய தாள் போர்டில் ஏறிய திங்கட்கிழமை அவளும் டெப்போவுக்குப் போயிருந்தாள். அப்பாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகிறவருக்கு அவர் கேட்ட மூன்று நாளும் ரெண்டு துண்டு கிடைத்திருந்தது. மீதி நாட்கள் பிறருக்குப் பிரிந்திருந்தன. பெண் டிரைவர் தாளைப் பார்த்துவிட்டு வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டு போனாள்.

பத்து மணிக்குள் டைம் கீப்பர் மேஜையில் இரண்டு புகார்கள் வந்துவிட்டன. ஒன்று மூத்த டிரைவருடையது. இந்த வாரம் அவருக்கு இரண்டு நாள் ரெண்டு துண்டு. முழுப் பக்கத்துக்கு எழுதியிருந்தார். இத்தனை வருட சர்வீஸுக்கு இதுதான் மரியாதையா என்று தொடங்கி, நடுவில், தனக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது, ஆறு மணி நேரம் அந்த பெஞ்சில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் வீங்கிவிடுகிறது, அதன்பின் கிளட்ச் மிதிக்க முடிவதில்லை என்று இருந்தது. கூட்டத்தில் அவர் அதைச் சொல்லவில்லை. இருபத்திரண்டு வாரம் சுகமாக இருந்துவிட்டு எந்த முகத்தோடு கேட்பது என்று இருந்திருக்கலாம்.

“இதுக்கு என்னம்மா பண்றது?” என்றார் டைம் கீப்பர்.

இலக்கணம் அந்தப் பக்கத்தை இன்னொரு முறை, மெதுவாகப் படித்தாள்.

“முழங்கால் நிஜம்தானா சார்?”

“நிஜம்தான். படி ஏறும்போது பாத்திருக்கேன்.”

“அப்போ முதல்ல அந்த ரூம்ல ஒரு கட்டில் போடச் சொல்லுங்க” என்றாள். “மீதியை யோசிக்கணும்.”